சில நிமிடங்களே தெரியும் எக்ஸ்-கதிர் ஒளிர்வுகள்: எங்கிருந்து வருகின்றன, எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

வானத்தில் ஓர் இடத்தில் எக்ஸ்-கதிர் பளிச்சென்று அடிக்கிறது. சில நிமிடங்களில் அணைந்துவிடுகிறது. அதற்கு முன் அங்கே எதுவும் தெரிந்ததில்லை, பிறகும் தெரிவதில்லை. அது என்ன, எங்கே நடந்தது என்று கண்டுபிடிப்பதுதான் இன்றைய வானியலில் எனக்கு மிகவும் பிடித்த துப்பறியும் வேலை. இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

டிரான்சியன்ட் என்றால் என்ன?

திடீரென்று தோன்றி, கொஞ்ச நேரம் ஒளிர்ந்து, மறைந்துபோகும் எதையும் வானியலில் டிரான்சியன்ட் என்பார்கள். தமிழில் இதற்கு ஒரே சொல் இன்னும் நிலைபெறவில்லை. 'வந்துபோகும் ஒளிர்வு' என்று புரிந்துகொண்டால் போதும்.

எக்ஸ்-கதிரில் வந்துபோகிறவை பல வகை. நம் பால்வெளியிலேயே, ஒரு கருந்துளையோ நியூட்ரான் நட்சத்திரமோ (வெடித்த நட்சத்திரம் விட்டுப்போன, மிக அடர்ந்த கரு) பக்கத்து நட்சத்திரத்தின் வாயுவை உறிஞ்சி, வாரக்கணக்கில் மாதக்கணக்கில் ஒளிர்வது உண்டு. அவை அணைந்து, சில ஆண்டுகள் கழித்து மறுபடி வரும். இங்கே நாம் பேசப்போவது வேறு வகை: பெரும்பாலும் சில விநாடிகள் முதல் சில மணி நேரம் வரை மட்டுமே தெரிந்து, திரும்ப வராமல் போகும், நம் பால்வெளிக்கு வெகு தொலைவில் நடக்கும் வேகமான ஒளிர்வுகள்.

ஆஸ்பத்திரியில் எடுக்கும் எக்ஸ்ரேதானா இது?

அதே கதிர்தான், ஆற்றல் மட்டும் குறைவு. ஆஸ்பத்திரிக் கருவியில் வருவது பல பத்து கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொண்டது. நாம் பேசும் ஒளிர்வுகள் பெரும்பாலும் அரை முதல் சில கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரையிலான 'மென்மையான' எக்ஸ்-கதிரில் பிடிபடுகின்றன. இவற்றைக் காற்று மண்டலம் முழுவதுமாக விழுங்கிவிடும். நமக்கு அது நல்லது, வானியலாளர்களுக்குத்தான் சிரமம். 1962-ல் ரிக்கார்டோ ஜியாக்கோனியின் குழு ராக்கெட்டில் கருவியை ஏற்றி, காற்றுக்கு மேலே சில நிமிடங்கள் பார்த்தபோதுதான் சூரிய மண்டலத்துக்கு வெளியிலிருந்து வரும் எக்ஸ்-கதிர் மூலம் முதன்முதலாகத் தெரிந்தது. ஜியாக்கோனிக்கு 2002-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அப்படியானால் இந்த வேகமான ஒளிர்வுகள் இத்தனை வருஷம் ஏன் சரியாகப் பிடிபடவில்லை?

கூர்மையாகப் பார்க்கும் தொலைநோக்கிகள் வானத்தில் மிகச் சிறிய துண்டைத்தான் பார்க்கும். அகலமாகப் பார்த்த கருவிகளுக்கோ மங்கலானவற்றைப் பிடிக்கும் திறன் போதவில்லை. ஐந்து நிமிட ஒளிர்வு ஒன்றைப் பிடிக்க வேண்டுமானால், அந்த ஐந்து நிமிடமும் அந்தத் துண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்குப் பெரிய அதிர்ஷ்டம் வேண்டும்.

அதிர்ஷ்டம் அடித்தபோதும் பெரும்பாலும் காலம் கடந்துதான் தெரிந்தது. சந்திரா எக்ஸ்-கதிர் தொலைநோக்கி எடுத்த பழைய பதிவுகளை வருடங்கள் கழித்துச் சலித்துப் பார்க்கும்போது, 'அட, இங்கே ஒன்று வந்து போயிருக்கிறதே' என்று கண்டுபிடிப்பார்கள். 2000-ம் ஆண்டு மே மாதம் பதிவான ஒரு ஒளிர்வு பற்றிய ஆய்வு 2013-ல்தான் வெளிவந்தது. அதற்குள் அங்கே பார்ப்பதற்கு என்ன மிஞ்சியிருக்கும்? வெடிப்பின் சூடு ஆறுவதற்குள் போய்ப் பார்க்காவிட்டால் பாதித் தடயம் போய்விடும்.

2024-ல் என்ன மாறியது?

2024 ஜனவரி 9 அன்று சீனாவின் ஷிசாங் ஏவுதளத்திலிருந்து 'ஐன்ஸ்டைன் ப்ரோப்' செயற்கைக்கோள் கிளம்பியது. சீன அறிவியல் கழகத்தின் திட்டம் இது. ஐரோப்பிய விண்வெளி முகமையும், ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் வேற்றுக்கோள் இயற்பியல் நிறுவனமும், பிரான்ஸின் விண்வெளி முகமையும் கூட்டாளிகள். சீன மொழியில் இதன் பெயர் தியான்குவான். 1054-ல் சீன வானியலாளர்கள் 'விருந்தாளி நட்சத்திரம்' என்று குறித்துவைத்த சூப்பர்நோவா, அதாவது நட்சத்திரம் வெடித்துச் சாகும் ஒளிர்வு, அந்தப் பெயருள்ள நட்சத்திரத்தின் பக்கத்தில்தான் தோன்றியது. வந்துபோகிறவற்றைத் தேடும் கருவிக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை என்னால் யோசிக்க முடியவில்லை.

இதில் இரண்டு கருவிகள். ஒன்று, ஒரே பார்வையில் 3,600 சதுர பாகை வானத்தைப் பார்க்கும் அகலப் பார்வைத் தொலைநோக்கி. முழு வானமே சுமார் 41,000 சதுர பாகைதான் என்பதால், இது பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் மேல். மூன்று முறை பூமியைச் சுற்றி வந்தால் இரவு வானம் கிட்டத்தட்ட முழுவதையும் பார்த்துவிடும். இன்னொன்று, சந்தேகப்பட்ட இடத்தைக் கூர்ந்து பார்க்கும் பின்தொடர் தொலைநோக்கி.

சிங்கி இறாலின் கண்ணுக்கும் இந்தத் தொலைநோக்கிக்கும் என்ன சம்பந்தம்?

இதை நான் ஆசையாகச் சொல்வேன். எக்ஸ்-கதிரைச் சாதாரணக் கண்ணாடியால் திருப்ப முடியாது. நேராக விழுந்தால் உள்ளே புகுந்துவிடும். மிகச் சாய்வாக, குளத்துத் தண்ணீரில் ஓட்டாஞ்சில்லு விடுவதுபோல உரசிக்கொண்டு போனால்தான் எகிறும்.

சிங்கி இறாலின் கண் அப்படித்தான் வேலை செய்கிறது. நம் கண்போல லென்ஸ் அங்கே முக்கியமில்லை. ஒரு கோளத்தின் மேல் அடுக்கிய சின்னச் சின்னச் சதுரக் குழாய்கள். அவற்றின் உட்சுவரில் வெளிச்சம் பட்டுத் தெறித்துக் குவியும். இதை எக்ஸ்-கதிருக்குப் பயன்படுத்தலாம் என்று 1979-ல் ராஜர் ஏஞ்சல் எழுதினார். ஐன்ஸ்டைன் ப்ரோப்பில் 12 தொகுதிகள், ஒவ்வொன்றிலும் 36 மெல்லிய கண்ணாடித் தகடுகள். தகடு முழுக்க, ஒரு பக்கம் 40 மைக்ரான் அளவே உள்ள சதுரத் துளைகள். தலைமுடியின் தடிமனைவிடச் சிறியவை.

சதுரத் துளையாக இருப்பதால் ஒரு விசேஷம் உண்டு. ஒரு எக்ஸ்-கதிர் மூலத்தின் பிம்பம் வெறும் புள்ளியாக விழாது. நடுவில் ஒரு பளிச்சென்ற புள்ளி, அதிலிருந்து நான்கு பக்கமும் நீளும் மங்கலான கைகள், ஆக ஒரு கூட்டல் குறிபோல விழும். ஒரு சுவரில் மட்டும் பட்டுத் தெறித்த கதிர்கள் கைகளாகின்றன, அடுத்தடுத்த இரண்டு சுவர்களிலும் பட்டவை நடுப்புள்ளியில் சேர்கின்றன. விண்வெளியில் சுற்றும் மின்துகள் ஒன்று நேராக உணரியில் மோதினால் இந்தக் கூட்டல் குறி வராது. ஆக, 'இது நிஜமா, கருவியின் கோளாறா' என்ற முதல் கேள்விக்கே பிம்பத்தின் வடிவம் பதில் சொல்லிவிடுகிறது.

'இபி 240315ஏ' மாதிரிப் பெயர்களை எப்படிப் படிப்பது?

இபி என்பது ஐன்ஸ்டைன் ப்ரோப்பின் ஆங்கிலச் சுருக்கம். 24 ஆண்டு, 03 மாதம், 15 தேதி. கடைசியில் வரும் 'ஏ' அன்றைக்கு முதலாவது என்பதற்கு. அவ்வளவுதான்.

எச்சரிக்கை வந்தவுடன் என்ன செய்கிறார்கள்?

முகவரியைச் சுருக்குகிறார்கள். அகலப் பார்வைக் கருவி சொல்லும் இடம் சில ஆர்க் நிமிடங்கள் (ஒரு பாகையில் 60-ல் ஒரு பங்குதான் ஆர்க் நிமிடம்) அகலமான வட்டம். முழு நிலவின் விட்டம் சுமார் 30 ஆர்க் நிமிடம் என்பதால், அந்த வட்டம் நிலவைவிடச் சிறியதுதான். ஆனாலும் பெரிய தொலைநோக்கியில் பார்த்தால் அதற்குள் ஏகப்பட்ட விண்மீன் திரள்கள் இருக்கும். ஊர் பெயர் மட்டும் தெரிந்து ஆளைத் தேடுகிற நிலைமை.

செயற்கைக்கோள் தானாகவே திரும்பிப் பின்தொடர் தொலைநோக்கியை அங்கே குறிவைக்க முடியும். அது இடத்தைச் சில பத்து ஆர்க் விநாடிக்குள் (ஆர்க் நிமிடத்தில் 60-ல் ஒரு பங்கு) சுருக்கும். இப்போது தெரு தெரிந்துவிட்டது. அப்புறம் தரையிலுள்ள ஒளியியல் தொலைநோக்கிகள் அதே இடத்தைப் படமெடுத்துப் பழைய படத்தோடு ஒப்பிடும். புதிதாக ஒரு புள்ளி தெரிந்து, அது மணிக்கு மணி மங்கினால், வீட்டு எண்ணே கிடைத்த மாதிரி. ஒரு ஆர்க் விநாடிக்கும் குறைவான துல்லியத்தில் இடம் உறுதியாகிவிடும். ரேடியோ தொலைநோக்கிகளும் நாள்கணக்கில், மாதக்கணக்கில் அதைத் தொடர்ந்து பார்க்கும்.

எல்லாம் நேரத்தோடு போட்டி. பின்னொளி, அதாவது வெடிப்புக்குப் பின் மிஞ்சி மங்கிக்கொண்டே போகும் ஒளி, முதல் இரவிலேயே பல மடங்கு மங்கிவிடக்கூடும். அந்த இடம் சிலியில் பகலாக இருந்தால் ஹவாயில் பார்க்க வேண்டும், அங்கே மேகமாக இருந்தால் கானரித் தீவுகளில். உலகம் முழுக்க ஆட்கள் தேவைப்படுவது அதனால்தான்.

வெகுதூரத்தில் நடந்ததுதான் என்று எப்படி நம்புவது? பக்கத்து நட்சத்திரமாக இருக்கக்கூடாதா?

பல நேரம் பக்கத்து நட்சத்திரம்தான். சூரியனைவிடச் சிறிய செங்குறு நட்சத்திரங்கள் சிலவற்றின் காந்தப்புலம் அறுந்து பிணையும்போது, எக்ஸ்-கதிரில் பயங்கரமாகப் பளிச்சிடும். அகலப் பார்வைக் கருவிகள் இவற்றை ஏராளமாகப் பிடிக்கின்றன. அதனால் முதலில் செய்யும் சோதனை எளிது: அந்த வட்டத்துக்குள் கையா செயற்கைக்கோளின் பட்டியலில் தூரம் அளந்த சிவப்பு நட்சத்திரம் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால், பெரும்பாலும் வழக்கு அங்கேயே முடிந்துவிடும்.

பிரகாசத்தை மட்டும் வைத்துத் தூரத்தைச் சொல்ல முடியாது. 100 ஒளியாண்டில் இருக்கும் நட்சத்திரமும், 1,000 கோடி ஒளியாண்டில் நடக்கும் வெடிப்பும் நம் கருவியில் ஒரே பிரகாசமாகத் தெரியலாம். தூரம் பத்து கோடி மடங்கு அதிகம் என்றால், உண்மையான சக்தி பத்து கோடியின் வர்க்க மடங்கு அதிகமாக இருக்க வேண்டும். 1-க்குப் பின் 16 சுழியங்கள். ஆகவே தூரம் தெரியாதவரை, நாம் பார்த்தது தீக்குச்சியா எரிமலையா என்றே தெரியாது.

சரி, தூரத்தை எப்படி அளக்கிறார்கள்?

நிறமாலையை எடுத்து. ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால், வழியிலுள்ள ஹைட்ரஜன் தன் கைரேகையை அதில் பதித்திருக்கும். பிரபஞ்சம் விரிவதால் அந்த ரேகை சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கும். எவ்வளவு நகர்ந்தது என்பதே செம்பெயர்ச்சி.

இபி 240315ஏ-வை எடுத்துக்கொள்ளலாம். ஹைட்ரஜனின் லைமன்-ஆல்ஃபா ரேகை, பக்கத்தில் நின்று பார்த்தால் 121.6 நானோமீட்டரில் இருக்கும். அது கண்ணுக்கே தெரியாத புறஊதா. இந்தப் பின்னொளியின் நிறமாலையிலோ, அந்த இடம் 712 நானோமீட்டர் வாக்கில், நல்ல சிவப்பு நிறத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. அதற்கு நீலப் பக்கம் ஒளி சட்டென்று படுத்துவிட்டது, ஏனென்றால் வழிநெடுக இருந்த ஹைட்ரஜன் அதைத் தின்றுவிட்டது. 712-ஐ 121.6-ஆல் வகுத்து ஒன்றைக் கழித்தால் செம்பெயர்ச்சி 4.86. அந்த ஒளி கிளம்பி சுமார் 1,250 கோடி ஆண்டுகள் ஆகின்றன. செயற்கைக்கோள் கிளம்பி பத்து வாரத்துக்குள் இப்படி ஒன்று கிடைத்ததை நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

பின்னொளி கிடைக்காவிட்டால், அது இருந்த விண்மீன் திரளின் நிறமாலையை எடுத்துப் பார்ப்பார்கள். இது கொஞ்சம் ஆபத்தான வழி.

ஏன் ஆபத்து? திரளின் தூரமும் வெடிப்பின் தூரமும் ஒன்றுதானே?

சரியான திரளைப் பிடித்து, அதன் தூரத்தையும் சரியாக அளந்தால் ஒன்றுதான். அதில் பிசகினால் கதையே மாறிவிடும். மாறியும் இருக்கிறது.

சந்திரா தொலைநோக்கி தென்வானில் ஒரு சிறு துண்டை மொத்தம் 70 லட்சம் விநாடிகள், அதாவது சுமார் 81 நாட்கள், உற்றுப் பார்த்திருக்கிறது. அந்தத் துண்டில் 2014-ல் ஒன்று, 2015 மார்ச்சில் ஒன்று என இரண்டு ஒளிர்வுகள் பதிவாயின. எக்ஸ்டி1, எக்ஸ்டி2 என்பார்கள். இரண்டாவது ஒளிர்வு சுமார் 2,000 விநாடிகள் கிட்டத்தட்ட ஒரே அளவில் நின்று, பிறகு வேகமாகச் சரிந்தது. அதைச் சுற்றியிருந்த திரளுக்கு 0.738 செம்பெயர்ச்சி என்று கணக்கிட்டார்கள். ஒளி 660 கோடி ஆண்டு பயணித்த தூரம். அந்தத் தூரத்துக்கு வந்த சக்தியையும் ஒளியின் ஏற்ற இறக்கத்தையும் பொருத்திப் பார்த்து, 2019-ல் ஒரு விளக்கம் வந்தது: இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதி, வேகமாகச் சுழலும் ஒரு மேக்னட்டார், அதாவது பயங்கரக் காந்தப்புலம் கொண்ட நியூட்ரான் நட்சத்திரம், பிறந்திருக்கிறது. அழகான விளக்கம். பாடம்போலவே பலரும் அதை எடுத்துச் சொன்னார்கள்.

பிறகு ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அதே திரளைப் பார்த்தது. 2025-ல் வந்த ஆய்வின்படி செம்பெயர்ச்சி 0.738 இல்லை, 3.46. ஒளியின் பயணம் ஏறக்குறைய 1,200 கோடி ஆண்டுகள். அப்படியானால் அந்த ஒளிர்வின் உண்மையான சக்தி, முன்பு நினைத்ததைப்போல 40 மடங்குக்கும் மேல். மோதல் கதைக்கு இவ்வளவு சக்தி பொருந்துவது கஷ்டம். பெரிய நட்சத்திரம் ஒன்று இடிந்து விழுந்த கதைப் பக்கம் தராசு சாய்ந்துவிட்டது. எக்ஸ்-கதிர்ப் பதிவில் ஒரு எண்கூட மாறவில்லை. மாறியது தூரம் மட்டும்தான். இந்தத் துறையில் வரும் எந்தச் செய்தியைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது செம்பெயர்ச்சியை எதை வைத்து எடுத்தார்கள் என்பதைத்தான்.

தூரம் தெரிந்துவிட்டது. சந்தேகப் பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள்?

முக்கியமாக நான்கு பேர். இடிந்து விழும் பெரிய நட்சத்திரத்தின் மேற்பரப்பை அதிர்ச்சி அலை உடைத்துக்கொண்டு வெளியேறும் கணம். அப்படி இடியும் நட்சத்திரத்திலிருந்து பீறிடும் ஜெட், அதாவது ஒளிவேகத்தை நெருங்கிப் பாயும் மெல்லிய தாரை. அது பலவீனமாகவோ, நமக்குக் கொஞ்சம் பக்கவாட்டிலோ, நட்சத்திரத்துக்குள்ளேயே சிக்கியோ இருக்கலாம். நியூட்ரான் நட்சத்திர மோதலில் பிறக்கும் மேக்னட்டார். அப்புறம், கருந்துளைக்கு மிக அருகில் போய்ப் பிய்த்தெறியப்படும் நட்சத்திரம்.

ஒவ்வொருவரும் வேறு வேறு தடயம் விட்டுப் போவார்கள். நட்சத்திரம் இடிந்ததென்றால் சில நாட்கள் கழித்து அதே இடத்தில் சூப்பர்நோவா எழும்ப வேண்டும். மோதல் என்றால் சூப்பர்நோவா வராது. கன உலோகங்கள் உருவாகும்போது வரும், கிலோநோவா என்ற சிவந்த ஒளிர்வு வரலாம். பெரிய கருந்துளை நட்சத்திரத்தைப் பிய்த்ததென்றால் சம்பவ இடம் திரளின் நட்டநடுவில் இருக்கும். 2011 மார்ச்சில் ஸ்விஃப்ட் செயற்கைக்கோள் பிடித்த ஸ்விஃப்ட் ஜே1644+57 அப்படித்தான் அடையாளம் காணப்பட்டது. செம்பெயர்ச்சி 0.354 உள்ள ஒரு திரளின் மையத்திலிருந்து, மாதக்கணக்கில் எக்ஸ்-கதிர் வந்துகொண்டே இருந்தது.

நட்சத்திரம் உடையும் அந்தக் கணத்தையே யாராவது பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள். 2008 ஜனவரி 9. என்ஜிசி 2770 என்ற, சுமார் 9 கோடி ஒளியாண்டு தூரத்துத் திரளில், சில நாட்களுக்கு முன் கண்டுபிடித்த வேறொரு சூப்பர்நோவாவைக் கவனிக்க அலிசியா சோடர்பெர்க் ஸ்விஃப்ட்டைக் குறிவைத்திருந்தார். அந்தப் பதிவின் இன்னொரு மூலையில், யாரும் எதிர்பார்க்காத இடத்தில், கண்ணைக் கூசும்படி ஒரு எக்ஸ்-கதிர் ஒளிர்வு. சில நிமிடங்களில் அடங்கிவிட்டது. அதே இடத்தில் பின்னர் சூப்பர்நோவா வளர்ந்தது. அதற்கு எஸ்என் 2008டி என்று பெயரிட்டார்கள்.

அதுவரை சூப்பர்நோவா என்றாலே, வெடித்து நாட்கள் ஆனபின் வெளிச்சம் பெருகும்போதுதான் தெரியவரும். மையம் இடிந்து, அதிர்ச்சி அலை வெளிப்பக்கம் ஓடி, மேற்பரப்பைப் பிளக்கும் அந்த நிமிடங்கள் ஏட்டில் மட்டும் இருந்தன. பக்கத்து வீட்டைப் பார்க்கப்போன கருவியின் கண்ணில் அது பட்டது. ஜெட்டும் கொஞ்சம் கலந்திருந்ததா என்று பிறகு விவாதம் நடந்தது உண்மை. ஆனாலும் ஒரு நட்சத்திரம் உடைந்த நிமிடத்திலேயே பார்த்தோம் என்பதில் மாற்றமில்லை.

'உள்ளேயே சிக்கிய ஜெட்' என்றால்?

பெரிய நட்சத்திரத்தின் மையம் கருந்துளையாகும்போது, இரு துருவப் பக்கமும் ஒளிவேகத்தை நெருங்கி ஜெட் பாயலாம். அது நட்சத்திரத்தைத் துளைத்து வெளியே வந்து நம்மைப் பார்த்து இருந்தால் காமா கதிர் வெடிப்பு. வெளியே வரும் முன்பே சக்தி தீர்ந்துவிட்டால்? காமா கதிர் வராது. ஆனால் ஜெட் தன்னைச் சுற்றியுள்ள வாயுவைச் சூடாக்கி ஒரு கூடுபோல ஊதிவிடும். அந்தக் கூடு மென்மையான எக்ஸ்-கதிரிலும் நீல ஒளியிலும் தெரியும்.

2025 ஜனவரி 8 அன்று வந்த இபி 250108ஏ இதற்கு நல்ல உதாரணம். செம்பெயர்ச்சி 0.176, இந்த வகையில் மிகப் பக்கமானவற்றில் ஒன்று. காமா கதிர் இல்லை. பிறகு அங்கே எஸ்என் 2025கேஜி என்ற சூப்பர்நோவா தெளிவாக எழும்பியது. மிக வேகமாக விரியும், 'அகன்ற ரேகை ஐசி' என்னும் வகை. காமா கதிர் வெடிப்புகளோடு சேர்ந்து வருவதும் இதே வகைதான். வெளியேறத் தவறிய ஜெட் என்றே ஆய்வாளர்கள் படித்தார்கள்.

அதற்கு முன் 2024 ஏப்ரலில் வந்த இபி 240414ஏ-விலும் (செம்பெயர்ச்சி 0.401) அதே வகை சூப்பர்நோவா தெரிந்தது. ஆனால் அது ஒரு பெரிய திரளின் வெளிவிளிம்பில் இருந்தது. ஒளியியல் வெளிச்சமும் ஒரே சீராக மங்காமல் நடுவில் மறுபடி ஏறியது. நட்சத்திரங்கள் செத்துப்போகும் வழி ஒன்றிரண்டு இல்லை என்பதை இப்படிப்பட்ட உதாரணங்களில்தான் கண்கூடாகப் பார்க்கிறோம்.

எக்ஸ்-கதிர் முதலில் வருமா, காமா கதிர் முதலில் வருமா?

இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வரும் என்றே பழக்கம். இபி 240315ஏ-வில் எக்ஸ்-கதிர் கிளம்பி ஆறு நிமிடம் கழித்துத்தான் காமா கதிர் வந்தது. எக்ஸ்-கதிர் மொத்தம் 17 நிமிடத்துக்கு மேல் நீடித்தது. காமா கதிரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், வெடிப்பின் தொடக்கம் என்று நாம் நினைத்தது சில நேரம் நடுப்பகுதியாக இருந்திருக்கலாம்.

இன்னும் பிடி கொடுக்காத ஒன்றைச் சொல்ல முடியுமா?

இபி 250702ஏ. என் வாழ்நாளில் படித்த வானியல் செய்திகளில் இதுபோல் என்னை உட்காரவிடாமல் செய்தவை குறைவு.

2025 ஜூலை 2 அன்று ஃபெர்மி செயற்கைக்கோள் ஒரே திசையிலிருந்து காமா கதிர் வெடிப்பு ஒன்றைப் பிடித்தது. சில மணி நேரத்தில் இன்னொன்று. அப்புறம் மறுபடி. காமா கதிர் வெடிப்பு என்பது வழக்கமாகச் சில விநாடியிலோ சில நிமிடத்திலோ நடந்து முடிகிற ஒன்று. திரும்ப வராது, ஏனென்றால் வெடித்த பொருள் அழிந்துவிடும். இதுவோ கிட்டத்தட்ட ஏழு மணி நேரம் விட்டுவிட்டு அடித்தது. ஐன்ஸ்டைன் ப்ரோப்பின் பதிவைத் திருப்பிப் பார்த்தால், அதற்கு முந்தைய நாளே அங்கே எக்ஸ்-கதிர் தொடங்கியிருந்தது.

திசை பால்வெளியின் தட்டுக்கு அருகில். அதனால் 'நம் பால்வெளிக்குள் இருக்கும் ஏதோ ஒரு இரட்டை நட்சத்திரம்' என்று முதலில் நினைத்ததில் தவறே இல்லை. சிலியிலுள்ள விஎல்டி தொலைநோக்கியில் அகச்சிவப்பில் பார்த்தபோது, பின்னொளி ஒரு திரளின் மேல் உட்கார்ந்திருந்தது. ஹபிள் அதை உறுதிப்படுத்தியது. ஜேம்ஸ் வெப் எடுத்த நிறமாலையில் செம்பெயர்ச்சி 1.036. ஒளி சுமார் 800 கோடி ஆண்டு பயணித்திருக்கிறது. வீட்டுக்குள் எரியும் விளக்கென்று நினைத்தது, ஊர்களைத் தாண்டி எரிந்த காடு என்று தெரிந்தது.

யார் செய்தது? நடுத்தர எடையுள்ள கருந்துளை ஒரு வெள்ளைக் குள்ளன் நட்சத்திரத்தை (எரிந்து முடிந்த நட்சத்திரத்தின் சிறிய, அடர்ந்த மிச்சம்) பலமுறை கடித்துப் பிய்த்தது என்கிறார்கள் சிலர். கருந்துளை தன் துணையான ஹீலியம் நட்சத்திரத்துக்குள்ளேயே விழுந்து அதை உள்ளிருந்து தின்றது என்கிறார்கள் வேறு சிலர். சம்பவ இடம் திரளின் மையத்தில் இல்லாததால், மையத்தில் வழக்கமாக இருக்கும் பெரிய கருந்துளையைக் குற்றம் சொல்ல முடியவில்லை. எனக்கு முதல் விளக்கத்தின் மேல் சாய்வு உண்டு: ஒரு நாள் முன்பே தொடங்கி, விட்டுவிட்டு அடித்தது அதோடு இயல்பாகப் பொருந்துகிறது. தூசு மண்டிய திரள் என்பதால் சூப்பர்நோவா இருந்ததா என்று பார்ப்பதே சிரமம். அதனால் ஹீலியம் நட்சத்திரக் கட்சியினரின் வழக்கும் நிற்கிறது.

இபி 240408ஏ-வும் இப்படித்தான். 12 விநாடி பளிச்சிட்டு, பிறகு பத்து நாள் வாக்கில் எக்ஸ்-கதிரில் தேய்ந்தது. காமா கதிர் வெடிப்புக்கு அது அதிக நாள், கருந்துளை நட்சத்திரத்தைப் பிய்ப்பதற்கு அது குறைந்த நாள்.

வேற்றுக்கிரகவாசிகளின் சிக்னலாக இருக்குமா?

இல்லை. ஒரு முழு நட்சத்திரத்தின் அழிவுக்கு ஆகிற சக்தி இது. மேலும் பின்னொளி, சூப்பர்நோவா என்று இயற்கையின் தடயங்கள் கூடவே வருகின்றன.

பூமிக்கு ஆபத்து உண்டா?

நாம் பேசும் தூரங்களிலிருந்து துளியும் இல்லை. இபி 240315ஏ-விலிருந்து வந்ததை உணரவே விண்வெளியில் தனிக் கருவி தேவைப்பட்டது.

இந்தியாவுக்கு இதில் இடம் உண்டா?

உண்டு. லடாக்கின் ஹான்லேவில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 4,500 மீட்டர் உயரத்தில், 2 மீட்டர் இமாலய சந்திரா தொலைநோக்கியும் 70 செ.மீ. குரோத்-இந்தியா தொலைநோக்கியும் இருக்கின்றன. பின்னொளி தேடும் வேலைக்கு அந்தத் தீர்க்கரேகை அருமையானது. ஐரோப்பாவில் இருட்டும் முன்பே அங்கே இருட்டிவிடும், ஹவாயில் விடிந்த பிறகும் அங்கே ராத்திரி வரும். 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளிலும் மென்மையான எக்ஸ்-கதிர் தொலைநோக்கி இருக்கிறது.

இன்னொரு உறவும் உண்டு. மேலே பலமுறை வந்த சந்திரா தொலைநோக்கியின் பெயர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகருடையது. வெள்ளைக் குள்ளன் எவ்வளவு எடைக்கு மேல் தாங்காது என்று கணக்குப் போட்டுச் சொன்னவர். நட்சத்திரங்களின் சாவைப் பார்க்கும் கருவிக்கு அவர் பெயர் இருப்பது எனக்குப் பெருமை.

வீட்டிலிருந்தே இதைப் பின்தொடர முடியுமா?

தாராளமாக. நாசா நடத்தும் ஜிசிஎன் என்ற அறிவிப்புப் பலகையில் ஐன்ஸ்டைன் ப்ரோப்பின் கண்டுபிடிப்புகளும், அதைத் தொடர்ந்து உலகெங்கும் பார்த்தவர்களின் குறிப்புகளும் வருகின்றன. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம். ஒவ்வொரு குறிப்பும் பத்து இருபது வரிதான்: எந்தத் தொலைநோக்கி, எத்தனை மணிக்கு, எவ்வளவு மங்கலானது வரை பார்த்தது, புதிதாக ஏதாவது தெரிந்ததா. 'எதுவும் தெரியவில்லை' என்று எழுதும் குறிப்புகளும் நிறைய. அவற்றைத் தாண்டிப் போய்விட வேண்டாம். எட்டு மணிக்கு ஒருவர் ஒன்றும் தெரியவில்லை என்று எழுதியிருந்து, பதினொரு மணிக்கு இன்னொருவர் அதே இடத்தில் புள்ளி தெரிகிறது என்று எழுதினால், ஒளி எப்போது ஏறத் தொடங்கியது என்பதற்கு எல்லை போட்டுத் தருவது அந்த எட்டு மணிக் குறிப்புதான்.